படிவத்தில் எழுதாத கால்

என் அக்கா தையல்நாயகியிடம் யோசனை கேட்க ஆட்கள் வருவது முடிச்சூரில் எல்லோருக்கும் தெரியும். அந்தமானுக்குக் கப்பலில் போகவேண்டும், அம்மாவுக்கு நடக்க வராது, அப்பாவுக்குப் பக்கவாதம் என்று பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் விசாரித்துக்கொண்டு வருவார்கள். அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, வந்தவர்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லும். அதற்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்தது எனக்குத் தெரியும், கெடுத்தவன் நான்தான்.

அக்காவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இடது காலையும் கொண்டுபோய்விட்டது. வலது கால் பாதிக்கு உதவும். இடுப்பிலிருந்து செருப்பு வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிபர் ஒன்று, இரண்டு கக்கத்திலும் கட்டை. இவ்வளவும் சேர்ந்தால்தான் அக்கா நான்கு அடி நடக்கும். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பா! தெரு முனையில் மீன்காரி எடை குறைத்தால் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே அவளைத் திருப்பி வரவழைத்துவிடும்.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்ததே ஒரு மறைப்பில்தான். பெண் பார்க்க வந்த அன்று பட்டுப்புடவையை விரித்துவிட்டு முன்கூட்டியே உட்காரவைத்துவிட்டார்கள். மணவறைக்கு வரும்போது இரண்டு அத்தைகள் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு வந்தார்கள். வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ராஜகோபாலுக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அந்த ஆள் கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. நான்கு வருஷம் பேசாமல் குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு நாள் அரக்கோணத்துக்கு வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் போனவர்தான். மகள் சரோஜினிக்கு அப்போது இரண்டு வயது. அக்கா கைச்சக்கரம் சுற்றுகிற மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்தே மகளை வளர்த்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா வெளியில் கிளம்புவதென்றால் முதல் நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காது. போகிற இடத்தில் கக்கூஸ் எங்கே இருக்கும், படி எத்தனை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எதுவானாலும் நாக்கு வறண்டு உதடு வெடித்துத்தான் திரும்பி வரும். யாராவது மோர் நீட்டினால், "இப்பத்தான் குச்சேன்" என்று சிரித்துக்கொண்டே பொய் சொல்லும்.

நான் சிட்டிபாபு, அக்காவுக்கு ஆறு வயது இளையவன். எண்பதுகளில் முடிச்சூர் நிலமெல்லாம் பிளாட்டாக மாறத் தொடங்கியபோது புரோக்கராகி நாலு பேர் மதிக்கிற மாதிரி ஆனேன். எங்கள் தொழிலில் ஒரே பாடம்தான் உண்டு. கேட்காததைச் சொல்லாதே, கேட்டாலும் பாதியைச் சொல். மழைக்கு இந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டால், "போன மழைக்கு நானே வந்து பார்த்தேன் சார்" என்போம். என்ன பார்த்தோம் என்று சொல்லமாட்டோம். நாசமாய்ப் போன இந்தப் புத்தி என் ரத்தத்திலேயே ஊறிவிட்டிருந்தது.

சரோஜினியைத் தசரதனுக்குக் கட்டிக்கொடுத்தோம். இந்த முறை எதையும் மறைக்கவில்லை, அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை. தசரதனுக்குத் தாய் தகப்பன் இல்லை. போர்ட் பிளேரில் ஒரு மரவாடியில் வேலை. எண்பத்தெட்டில் சரோஜினி தலைப்பிரசவத்துக்கு இருந்தாள். ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்து வரவேண்டும் என்று அக்கா நாள் பார்த்து வைத்திருந்தபோது அங்கிருந்து கடிதம் வந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். எப்போது வேண்டுமானாலும் ரத்தம் போகலாம், கப்பலும் கூடாது, விமானமும் கூடாது, எந்நேரமும் ஒரு ஆள் கூடவே இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். கடைசியில் சரோஜினி தன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தாள். 'அம்மா, நீ எதுவும் செய்ய வேணாம். பக்கத்துல உக்காந்துகினு இருந்தா போதும்.'

அக்கா கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டது.

"டேய் சிட்டி, என்னிய எப்படியாவது கப்பல் ஏத்தி வுட்டுடுடா."

"நீ எப்படிக்கா மூணு நாளு கடல்ல வருவே?"

"அவ பெத்துப் பொழைக்கிற வரிக்கும் நான் அங்க இருக்கணும். நீ ஏத்தி வுடு, மீதிய நான் பாத்துக்கிறேன்."

விமானத்துக்கும் அலைந்தேன். வாரத்தில் இரண்டே நாள்தான், ஒன்றரை மாதத்துக்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கப்பல் ஆபீசுக்குப் போனேன். புதன்கிழமை கிளம்புகிற கப்பல் சனிக்கிழமை போய்ச் சேரும். பிரசவத்துக்கு இன்னும் இருபது நாளுக்கு மேல் இருந்தது. படிவத்தை வாங்கி நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி இருந்தது. பயணிக்கு உடல் ஊனம் ஏதேனும் உண்டா, உதவி தேவையா என்று.

பேனா ஒரு நிமிஷம் நின்றது. 'உண்டு' என்று எழுதினால் யார் டிக்கெட் கொடுப்பான்? பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்று தள்ளிவிடுவான். கல்யாணத்துக்கே மறைத்தவர்கள் நாங்கள், கப்பலுக்கா சொல்லப்போகிறோம்? 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழ்த்தளத்தில் பங்க் கிளாசில் இரண்டு படுக்கை கொடுத்தார்கள். ஒன்றின் மேல் ஒன்று, பரண் மாதிரி. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், யாரையாவது கெஞ்சிக் கீழ்ப் படுக்கை வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அக்கா மட்டும் கேட்டது. "காலைப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

"கேக்கவே இல்லக்கா. நீ பேஜார் ஆவாத."

புதன்கிழமை காலையில் அம்பாசிடர் பிடித்துத் துறைமுகம் போனோம். சித்திரை வெயில். அக்கா திங்கட்கிழமை இரவோடு தண்ணீரை நிறுத்தியிருந்தது. "மூணு நாளு பயணம்க்கா, இப்படி வந்தா எப்படி" என்று நான் கத்தினேன். "பழகிடும், சும்மா வா" என்றது. உள்ளே நுழைவதற்கு முன் நான் கட்டை இரண்டையும் வாங்கி மூட்டையோடு கட்டினேன்.

"அத ஏன்டா வாங்குறே?"

"கூட்டம்க்கா. வழுக்கும். எம்மேல சாஞ்சிகினு வா."

அத்தைமார் அணைத்துக்கொண்டு போன அதே வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு அப்போதே புரிந்திருக்கவேண்டும். ஆனாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டது. வரிசை நகரவே இல்லை. ஒன்றரை மணி நேரம் தகரக் கொட்டகையின் கீழ் நின்றோம். கப்பலுக்கு ஏறுகிற படி பத்தடி தூரத்தில் தெரிகிறது. எங்களுக்கு முன்னால் நாலே பேர். அப்போது அக்காவின் கை என் தோளிலிருந்து நழுவியது. தண்ணீர் இல்லாத உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. காலிபர் தரையில் மோதிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். புடவை விலகி முழங்கால் வரைக்கும் இரும்பு தெரிந்தது.

கப்பல் டாக்டர் ஓடி வந்தார். நல்ல மனிதர். அவரே தண்ணீர் கொடுத்தார், நாடி பார்த்தார். பிறகு படிவத்தை வாங்கிப் படித்தார்.

"இதுல 'இல்லை'ன்னு போட்டிருக்கே?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"இவங்க படுக்கை மூணு தளத்துக்குக் கீழ. செங்குத்தா இரும்பு ஏணி. அலை அடிச்சா நல்லா நடக்கிறவங்களே விழுவாங்க. பாத்ரூம் வாசல்ல முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு இருக்கும், தாண்டித்தான் போகணும். எப்படிப் போவாங்க?"

"மேல எங்கனா ஒரு இடம் குடுங்க சார்."

"மேல இருக்கிறது நாலே கேபின். அதுல நோயாளிங்க ஏறியாச்சு. முன்னாடியே எழுதியிருந்தா ஒண்ணை இவங்களுக்கு வெச்சிருப்போம்."

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே அவர் காலைப் பிடித்துக்கொண்டது. அவர் பதறிப் பின்னால் போனார். "அய்யா, எம் பொண்ணு தனியா கீறா. ரத்தம் போவும்னு சொல்லிக்கீறாங்க. நான் தவழ்ந்து எறங்கிடுவேன். மூணு நாளும் படுத்த எடத்தவுட்டு அசையமாட்டேன். தண்ணி கூட குடிக்கமாட்டேன் சார், கக்கூசே வாணாம்!" சொல்லிக்கொண்டே காலிபர் வாரை அவிழ்க்க ஆரம்பித்தது. அவ்வளவு பேருக்கு நடுவில், சூம்பிய காலை வெளியில் எடுத்துக் காட்டி, "இதோ பாருங்க, இது இல்லாட்டி நான் லேசு, யாரு வேணா தூக்கலாம்" என்றது. என் வாழ்நாளில் அக்கா அந்தக் காலை வேற்று ஆளிடம் காட்டி நான் பார்த்ததில்லை.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, உங்களை வேணாம்னு நான் சொல்லலை. இந்த டிக்கெட்டுல வேணாம்னு சொல்றேன். கீழ போய் உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நடுக்கடல்ல நான் என்ன செய்வேன்?"

படியை எடுத்துவிட்டார்கள். கப்பல் கத்தியது. அது கரையை விட்டு நகர்வதை நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அடுத்த கப்பல் பதினொரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. அக்கா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"கேட்டாங்களாடா?"

நான் மூட்டையை அவிழ்த்துக் கட்டையை எடுத்து நீட்டினேன். அக்கா அதை வாங்கிக்கொண்டது. தாம்பரம் பாலம் இறங்குகிற வரைக்கும் கார் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே தசரதனுக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாள் கப்பல் ஆபீசில் போய் நின்றேன். பட்டாபிராமன் என்று ஒரு எழுத்தர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏன் சார், அந்தக் கேள்வியை ஃபார்ம்ல எதுக்குப் போட்டிருக்கோம்? ஆளைத் தடுக்கறதுக்கா? எங்க படுக்கவைக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு. நீங்களே பயந்து மறைச்சா நாங்க என்ன ஜோசியமா பார்ப்போம்?"

செருப்பால் அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவர் அடிக்கவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஏறுகிற தளத்திலேயே கேபின் கேட்கவேண்டும், கீழ்ப் படுக்கை, பாத்ரூமை ஒட்டியதாக. டாக்டர் சர்டிபிகேட் இரண்டு பிரதி, ஒன்று கப்பல் டாக்டர் கையில், ஒன்று நம் கையில். கூட்டம் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றால் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். கட்டையின் அடியில் தேய்ந்த ரப்பரை மாற்றிப் புதிது போடவேண்டும், இரும்புத் தளம் ஈரமாக இருந்தால் சறுக்கும். படுக்கும்போது கட்டையைக் கட்டில் காலோடு கயிறு போட்டுக் கட்டவேண்டும், இல்லையென்றால் கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் உருண்டு எங்கோ போய்விடும், பிறகு எழுந்திருக்க முடியாது. பாத்ரூம் தடுப்பைத் தாண்ட, அதன் மேல் குறுக்கே வைத்து உட்கார்ந்து நகர ஒரு பலகை கொண்டுபோகவேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "முக்கியமா தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ. பாத்ரூமுக்குப் பயந்து தண்ணி குடிக்காமத்தான் பாதிப் பேர் மயங்கறா" என்றார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புதுப் படிவத்தில் இரண்டு கால் விவரத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். கால் மணி நேரத்தில் கேபின் கிடைத்தது. கால் மணி நேரம்தான்!

அந்தப் பதினொரு நாளை அக்கா எப்படிக் கழித்தது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. மிஷினைத் தொடவில்லை. வாசல் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் தபால்காரரா என்று கத்தும். "அவ தனியா கீறாடா, அவ தனியா கீறாடா" என்று சும்மா சொல்லிக்கொண்டே இருக்கும். மனது கேட்காமல் பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து, குழந்தைக்குத் துணி மட்டும் கையால் தைத்தது.

சனிக்கிழமை, கப்பலுக்கு முதல் நாள் பகல், தந்தி வந்தது. வீட்டுக்கு வரவில்லை, வழியிலேயே என் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனார் தந்திக்காரர். சரோஜினி வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாள், குழந்தை நலம், பெண் என்று தசரதன் அடித்திருந்தான்.

நான் பிளாட் வரைபடங்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் என் மனைவி அஞ்சம்மாளைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா மகன் துளசிங்கத்தையும் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் சாவு விழுந்தால் போகிறவர்களிடம் சொல்லமாட்டோம். 'கொஞ்சம் சீரியஸ், பாத்துட்டு வந்துடலாம்' என்று கூட்டிப்போவோம். தெரு முனை திரும்பிப் பந்தலைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரியவரும். பாதி வழியில் துடிக்கவேண்டாம் என்கிற இரக்கம்தான் அது.

"இப்ப சொன்னா அண்ணி கப்பல் ஏறுமா? குழந்தைய யாரு பாக்குறது?" என்றாள் அஞ்சம்மாள்.

"நடுக்கடல்ல தெரிஞ்சா அக்கா குதிச்சிடும்டா" என்றான் துளசிங்கம். "எறங்குற வரிக்கும் வாயத் தொறக்காத."

நான் யோசித்தேனா? இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே. உள்ளே போய்ப் பாதியைச் சொன்னேன்.

"அக்கா, தந்தி வந்துச்சு. பொண்ணு பொறந்துக்குது."

அக்கா என் முகத்தையே பார்த்தது. "சரோ?"

"நல்லா கீறாளாம்."

அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டது. பிறகு என்னை இழுத்து என் கன்னத்தைத் தடவி, தன் நெற்றியில் விரல்களை முறித்துக்கொண்டது. "நான் உன்னிய மனசுக்குள்ள எவ்ளோ திட்டிட்டேன் தெரியுமாடா இத்தினி நாளா? மன்னிச்சுக்கடா தம்பி" என்றது. அதற்கு அப்புறமும் நான் உயிரோடு இருக்கிறேன்.

மறுநாள் கப்பலில் பட்டாபிராமன் சொன்னது ஒன்றும் தவறவில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கேபினில் விட்டார்கள். கட்டிலுக்கு எதிரே பாத்ரூம், அக்கா பலகையில் உட்கார்ந்து நகர்ந்து தானே போய்வந்தது. அதே டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்தார். அக்கா தண்ணீர் குடித்தது. டம்ளர் டம்ளராகக் குடித்தது. பயணத்தில் அக்கா கணக்குப் பார்க்காமல் தண்ணீர் குடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "முடியாதுன்னு சொன்னா இத்தினி பேரு செய்றாங்களேடா! இது தெரியாம நாப்பது வருசம் நாக்கு வறண்டேனே" என்று சிரித்தது.

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வெளியே ஓடுவேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து அழுவேன். கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். இரண்டாம் நாள் அப்படி அழுதுவிட்டுத் திரும்பும்போது அக்காவை நாற்காலியில் தளத்துக்குக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். அக்கா தலையில் பூ வைத்திருந்தது, யாரோ கொடுத்திருக்கிறார்கள். மடியில் ஒரு பொட்டலம் கல்கண்டு, மகளுக்கு வாய் கசக்கும் என்று வாங்கி வந்தது. அதைப் பிரித்துப் போகிற வருகிற எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. "பேத்தி பொறந்துக்குது, எடுத்துக்கம்மா. எடுத்துக்க சார். தாயும் புள்ளியும் நல்லா கீறாங்க." டாக்டருக்கும் கொடுத்தது. எனக்கும் நீட்டியது. நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்று மாலை சொல்லியிருக்கலாம், மூன்றாம் நாள் காலையில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வேளையும் வாயைத் திறப்பேன், "பசிக்குதாக்கா" என்று கேட்டு மூடிக்கொள்வேன்.

புதன்கிழமை காலை கரை தெரிந்தது. முதலில் எங்களைத்தான் இறக்கினார்கள். தசரதன் கீழே நின்றுகொண்டிருந்தான். அவன் தலை மழித்திருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் துணிச்சுருள் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். நாற்காலியைத் தூக்கிவந்தவர்கள் பாதிப் படியில் இருந்தபோதே அக்கா பார்த்துவிட்டது.

அக்கா கத்தவில்லை. நாற்காலியைத் தரையில் வைத்ததும் தசரதனைப் பார்த்து, "என்னிக்கு?" என்றது.

"வெள்ளிக்கிழமை, அத்தை. சனிக்கிழமை எடுத்துட்டோம்." அவன் குழப்பத்தோடு என்னைப் பார்த்தான். "தந்தி வரலியா மாமா?"

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"எம் பொண்ண எரிச்சு ரெண்டாம் நாளு நான் கல்கண்டு குடுத்தேன்டா" என்றது. "தலையில பூ வெச்சிகினு ஊருக்கே குடுத்தேன்டா."

நான் அங்கேயே அதன் காலடியில் விழுந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் குழந்தையை நீட்டினாள். அக்கா மடியிலிருந்த இரண்டு கட்டையையும் கீழே போட்டுவிட்டுக் கையை ஏந்தியது.

எப்படி ஆயிற்று என்று தசரதன் வீட்டில் வைத்துச் சொன்னான். அத்தை சனிக்கிழமை வந்துவிடுவார் என்று நம்பி அதுவரைக்கும்தான் விடுப்பு எடுத்திருந்தான். எங்கள் தந்தி வந்துவிட்டது, விடுப்பு முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். ஆறு நாள் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மாள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. சரோஜினி எழுந்து வரமுடியாமல், குரலும் எழும்பாமல் கிடந்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையை எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒரு ஆள் இருந்து சத்தம் போட்டிருந்தால்கூடத் தாயையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

அக்கா சுவரில் சாய்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னது.

"எனக்குக் காலுதான் இல்ல. வாய் கீதே. கத்தியிருப்பேனே."

குழந்தையை அக்காதான் முடிச்சூருக்குக் கொண்டுவந்து வளர்த்தது. செல்லம்மா என்று பெயர். தசரதன் வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவான். அக்கா என்னோடு சண்டை போடவில்லை. ஒரே வாசலில்தான் இருக்கிறோம், "சாப்ட்டியா" என்று கேட்கும், செல்லம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட என்னைத்தான் அனுப்பும். வெளியூர் கிளம்பினால் மட்டும், அதற்கப்புறம் எந்தப் படிவத்தையும் அக்கா தன் கையாலேயே எழுதும். கால் கேள்வி இருந்தால் எழுத்தைப் பெரிதாகப் போடும். கேள்வி இல்லையென்றாலும் ஓரத்தில் எழுதிவிடும்.

போன மாதம், தொண்ணூற்றேழு ஆவணியில், ஸ்ரீரங்கன் என்று ஒருவர் குரோம்பேட்டையிலிருந்து வந்தார். வங்கியில் வேலை. அம்மா பாலாம்பாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து நடை போய்விட்டதாம். போர்ட் பிளேரில் இருக்கிற மகளிடம் கொண்டுபோய் விடவேண்டும், கப்பலில் ஏற்றுவார்களோ என்னவோ என்று பயந்துகொண்டே பேசினார். நான் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னது. கேபின், நாற்காலி, ரப்பர், கயிறு, பலகை, தண்ணீர் என்று அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார்.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்னு பாக்கறோம்மா" என்றார் நடுவில். "சிரமம்னு சொன்னா பயந்துடுவா."

"சொல்லிடுங்க சார்" என்றது அக்கா. "எல்லாத்தியும் அந்த அம்மாகிட்ட சொல்லிட்டே ஏத்துங்க. கடலு அவங்களுக்குத்தானே."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது மரியாதைக்குக் கேட்டார், "நீங்க போனப்போ கூட யாரும்மா வந்தா?"

அக்கா மிஷின் சக்கரத்தில் கையை வைத்தது.

"யாரும் வர்ல சார். தனியாத்தான் போனேன்."

அவர் பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கழுவினேன்.